கொடி இல்லை, நெட் இல்லை: ஆட்டத்தைத் தொடங்கலாமா?

கேள்வி: எங்கள் கிளப் மாவட்டக் கால்பந்து லீக்கில் இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது. போன ஞாயிறு வெளியூர் மைதானத்தில் ஆட்டம். நான்கு மூலையிலும் கார்னர் கொடி இல்லை. ஒரு கோலுக்கு நெட் இல்லை. இன்னொரு கோலில் கிராஸ்பார் ஒரு பக்கம் வெல்டிங் விட்டுப்போய், கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள். ரெஃப்ரி இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் பையனும் "ஆடலாம் சார்" என்று தலையாட்டிவிட்டான். நெட் இல்லாத பக்கம் விழுந்த ஒரே கோலில் 0–1 என்று தோற்றோம். பந்து போஸ்ட்டுக்கு வெளியேதான் போனது என்று எங்கள் கீப்பர் அடித்துச் சொல்கிறான். இப்படிப்பட்ட மைதானத்தில் ஆட்டத்தைத் தொடங்கியதே தவறுதானே? மறு ஆட்டம் கேட்கலாமா? அடுத்த மாதம் பள்ளி மைதானத்தில் நாங்களே ஒரு நாக்-அவுட் போட்டி நடத்தப்போகிறோம். அங்கே இருப்பது தூக்கி வைக்கும் இரும்பு கோல் போஸ்ட் ஒரு ஜோடி மட்டும். எது இல்லாவிட்டால் ஆடக்கூடாது, எது இல்லாமல் சமாளிக்கலாம்?
– கிளப் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கொடி, நெட், கிராஸ்பார் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே தரத்துக் குறைகள் அல்ல. உங்கள் கோபம் முழுக்க நெட் மேல் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டிய காரணம் அந்தக் கட்டுக்கம்பிதான்.

விதிப் புத்தகத்தின் முதல் விதி ஆடுகளத்தைப் பற்றியது. கிராஸ்பார் இடம் பெயர்ந்தாலோ உடைந்தாலோ, சரிசெய்யும்வரை ஆட்டம் நிற்க வேண்டும். சரிசெய்ய முடியாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட வேண்டும். கிராஸ்பாருக்குப் பதில் கயிறு போன்ற வளையும் பொருளையோ ஆபத்தான பொருளையோ கட்டக்கூடாது. நடு ஆட்டத்தில் உடைந்தாலே இதுதான் விதி என்றால், தொடங்கும் முன்பே உடைந்து கிடப்பதை வைத்து எப்படி விசில் ஊதுவது? நம்மூர் மைதானங்களில் பெரும்பாலும் மூன்று அங்குல இரும்புப் பைப்பில்தான் கோல் போஸ்ட் செய்கிறார்கள். ஏழரை மீட்டர் நீளப் பைப் ஐம்பது, அறுபது கிலோ எடை வரும். கார்னர் அடிக்கும்போது அதன் கீழே பத்துப் பன்னிரண்டு தலைகள் நிற்கும். பலமான ஷாட் ஒன்று பாரில் பட்டால் அந்த அதிர்வு முழுக்க அந்தக் கம்பிச் சுற்றில்தான் போய் இறங்கும். இதில் கேப்டன் சம்மதத்துக்கு மதிப்பே கிடையாது. களமும் சாதனங்களும் ஆடத் தகுந்தவையா என்பது ரெஃப்ரி ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு. இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு அவர் தோளை விட்டு இறங்காது.

ஜெர்மனியில் 1971 ஏப்ரல் 3 அன்று மான்ஷென்கிளாட்பாக், வெர்டர் பிரெமன் அணிகள் 1–1 என்று இருந்தபோது, 88-வது நிமிடத்தில் ஓர் ஆட்டக்காரர் நெட்டுக்குள் விழ, மரப் போஸ்ட் முறிந்தது. மாற்றுக் கோல் இல்லை. ஆட்டம் கைவிடப்பட்டது. மைதானத்துக்காரர்களான மான்ஷென்கிளாட்பாக் 0–2 என்று தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. அதற்கு நேர்மாறாக, 1998 ஏப்ரலில் மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி தொடங்கும் முன்னால் கோல் சாய்ந்து விழுந்தது. பயிற்சி மைதானத்திலிருந்து வேறு கோல் கொண்டுவந்து நட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதித்து ஆட்டத்தை நடத்தினார்கள். மாற்று இருந்தால் தாமதம், இல்லாவிட்டால் பாயின்ட் போச்சு. போட்டி நடத்துகிறவர் என்ற முறையில் உங்களுக்கு இது முக்கியம்.

இனி நெட். விதிப்படி நெட் கட்டாயம் இல்லை. "மாட்டலாம்" என்றுதான் இருக்கிறது. மாட்டினால் ஒழுங்காகத் தாங்கி நிற்க வேண்டும், கீப்பருக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது. ஆனால் விதிப் புத்தகம் கேட்காததைப் போட்டி விதிமுறை கேட்கலாம். உங்கள் லீக்கின் விதிமுறைத் தாளில் "இரு கோலுக்கும் நெட் இருக்க வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் கேள்விக்கு ஓரளவு பலம் உண்டு. இல்லாவிட்டால் ரெஃப்ரி தொடங்கியதில் தவறில்லை. என் கருத்து: நெட் இல்லாமல் ஆடலாம், ஆனால் அப்படியே ஆடக்கூடாது. கோலுக்குப் பின்னால் பார்த்துச் சொல்ல யாரையாவது நிறுத்துவது உதவாது. அவர் சொல்லுக்கு அதிகாரம் கிடையாது. அந்தப் பக்கத்து உதவி நடுவர், ஷாட் எடுக்கும் நேரத்தில் கடைசித் தடுப்பாளர் வரிசையை விட்டுக் கோல் கோட்டை நோக்கி ஓடிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் வழி. நெட் இல்லாத கோலில் தகராறு வருவது எப்போதும் போஸ்ட்டை ஒட்டிப் போகும் தரையடிப் பந்தில்தான். நடுக்களத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் ரெஃப்ரிக்குப் போஸ்ட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மறு ஆட்டம் கிடைக்குமா? கிடைக்காது என்றே எதிர்பாருங்கள். கோல் விழுந்ததா இல்லையா என்பது ஆட்டம் சார்ந்த உண்மை. அதில் ரெஃப்ரி முடிவே இறுதி என்று ஐந்தாம் விதி சொல்கிறது. 2013 அக்டோபரில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லீகாவில் லெவர்குசனின் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து போஸ்ட்டுக்கு வெளியே போய், பக்கவாட்டு நெட்டில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. கோல் கொடுக்கப்பட்டது. ஹோஃபன்ஹைம் 1–2 என்று தோற்றது. டிவியில் ஊரே பார்த்தது. அப்படியும் மறு ஆட்டக் கோரிக்கையை ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உங்களிடம் வீடியோகூட இல்லை. போதாததற்குக் கேப்டன் தலையாட்டியிருக்கிறான். களத்தைப் பற்றிய ஆட்சேபத்தை ஆட்டம் தொடங்கும் முன் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது பல லீக்குகளின் நடைமுறை. அதையும் விட்டுவிட்டீர்கள்.

அந்த ஓட்டை விஷயத்தில் கணக்கு ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான கோல் நெட்டின் கண் 12 சென்டிமீட்டர் சதுரம், சுற்றளவு 48. பந்தின் சுற்றளவு 68 முதல் 70. அதனால் பந்து நுழையாது. இரண்டு கண்களுக்கு நடுவில் ஓர் இழை அறுந்தால் ஆறு பக்கம் கொண்ட ஒரே கண்ணாகிவிடும்: சுற்றளவு 72. பந்து நுழைந்துவிடும். ஆக, நெட்டில் ஓர் இழை அறுந்திருந்தாலே அது பந்து போகும் ஓட்டைதான். இதை ஐம்பதடி தூரத்தில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. ஓர் ஆள் உள்ளே நின்று, மேலிருந்து கீழாக, குறிப்பாகப் போஸ்ட்டை ஒட்டிய பக்கங்களையும் தரையோரத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அறுந்த இடத்தை நைலான் கயிற்றால் கட்டிவிட்டால் போதும்.

கடலோர ஊர்களில் மீன்வலையைக் கட்டிச் சமாளிப்பார்கள். பழைய பின்னல் நூல் வலை பரவாயில்லை. நரம்பு வலை (ஒற்றை இழை நைலான்) வேண்டவே வேண்டாம். பூட்ஸ் ஸ்டட் மாட்டும், கீப்பர் விரல் மாட்டினால் அறுக்கும். இன்னொரு விஷயம்: பைப்பில் வெல்டு வைத்த இரும்புக் கொக்கியில் நெட் மாட்டும் பழக்கம் இன்னும் பல மைதானங்களில் இருக்கிறது. குதித்து இறங்கும்போது மோதிர விரல் அந்தக் கொக்கியில் சிக்கினால் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். கொக்கிகளை அரைத்து எடுத்துவிட்டு கேபிள் டை போடுங்கள். முன் சட்டத்தின் மொத்த நீளம் 7.32-ம் இரண்டு 2.44-ம் சேர்த்து 12.2 மீட்டர். இருபது சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 61 வரும். ஒரு கோலுக்கு நூறு டை கொண்ட ஒரு பாக்கெட். கருப்பு டை வாங்குங்கள். வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். வெட்டிய முனை பின்பக்கம் பார்த்திருக்கட்டும்.

கார்னர் கொடியில் நிலைமை தலைகீழ். நெட் கட்டாயமில்லை, கொடி கட்டாயம். நான்கு மூலையிலும், குறைந்தது 1.5 மீட்டர் உயரம், கூர் இல்லாத முனை. நடுக்கோட்டின் இரு முனையிலும் வைக்கும் கொடி மட்டும்தான் விருப்பம். அதையும் கோட்டுக்குக் குறைந்தது ஒரு மீட்டர் வெளியே வைக்க வேண்டும். ஆனால் கொடி இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு ரெஃப்ரி அமெச்சூர் ஆட்டத்தை ரத்து செய்தால், அவரைப் புத்தகப்புழு என்றுதான் சொல்வேன். மூலைக்கு மேலாகப் பறக்கும் பந்து த்ரோவா, கோல் கிக்கா, கார்னரா என்பதைச் சொல்லவே கொடி. கம்பத்தில் பட்டு உள்ளே திரும்பும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது என்பதும் ஒரு நுணுக்கம். கம்பம் இல்லாவிட்டால் அது வெளியே போயிருக்கும். இவ்வளவுதான் நஷ்டம். உயரமான பிளாஸ்டிக் கோன் வைத்து ஆடிவிட்டு, ரெஃப்ரி தன் அறிக்கையில் எழுத வேண்டும். மைதானக்காரர்களுக்கு லீக் அபராதம் போடட்டும்.

கொடி இல்லை என்று யாராவது மூங்கிலைச் சீவி நட்டாலோ, கட்டடக் கம்பியை அடித்து இறக்கினாலோ, அதைப் பிடுங்கச் சொல்லுங்கள். கொடி இல்லாததைவிட அது மோசம். செய்வதும் சுலபம்: ஒரு அங்குல பி.வி.சி. பைப் ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டு. ஒன்றை 1.8 மீட்டராக வெட்டினால் மூன்று கம்பம், இரண்டில் ஆறு. களத்துக்கு நான்கு, ஸ்பேர் இரண்டு. மேல் முனைக்கு எண்ட் கேப். மூலையில் ஒன்றேகால் அங்குல பைப்பை முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தரை மட்டமாகப் புதைத்து, அதற்குள் கம்பத்தைச் செருகுங்கள். புதைத்த பைப் தரைக்கு மேல் ஒரு விரற்கடைகூட நீட்டக்கூடாது. ஆட்டம் இல்லாத நாளில் துணியோ மரக்கட்டையோ வைத்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மண் அடைந்து அடுத்த ஞாயிறு கடப்பாரை தேட வேண்டிவரும்.

அடுத்து உங்கள் போட்டி. அந்தத் தூக்கி வைக்கும் கோல் போஸ்ட்தான் எனக்குக் கவலை தருகிறது. கோல்கள், தூக்கி வைப்பவையும் சேர்த்து, தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும் என்று விதி கண்டிப்பாகச் சொல்கிறது. சிறுவன் ஒருவன் பாரில் தொங்கி ஆடினால் இது முன்பக்கமாகக் கவிழும். கவிழும்போது தொங்கியவன் மேலேயேதான் விழும். உலகத்தில் பல நாடுகளில் இப்படிக் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். எவ்வளவு பாரம் தேவை என்று கணக்கிடலாம். பாரின் நடுவில் ஐம்பது கிலோ இழுவிசை முன்னோக்கி விழுகிறது என்று வையுங்கள். உயரம் 2.44 மீட்டர். தரைச் சட்டம் பின்னால் 1.5 மீட்டர் நீண்டால், பின் சட்டத்தில் 50-ஐ 2.44-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்த 81 கிலோ வேண்டும். சட்டம் ஒரு மீட்டர்தான் நீளுகிறது என்றால் 122 கிலோ. கோலின் சொந்த எடையும் கொஞ்சம் பிடிக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள், அது பாதுகாப்புக்கு. சிமென்ட் சாக்கில் பாதி மணல் போட்டால் 25 கிலோவுக்குக் குறையாது. ஒரு கோலுக்கு ஆறு மூட்டை, இரண்டு பக்கமும் சமமாக, பின் சட்டத்தின் மேல் வைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். சும்மா சாய்த்து வைத்த மூட்டை, கோல் கவிழும்போது அங்கேயே உட்கார்ந்திருக்கும். இரும்பு முளை அடிப்பது இறுகிய மண்ணுக்கு நல்லது. தேரி மண்ணில், அதாவது தளர்ந்த செம்மணலில், முளை நிற்காது. உங்கள் மைதானம் அப்படி என்றால் மூட்டையே கதி.

கட்டி முடித்ததும் பாரின் நடுவில் கயிறு போட்டு, இரண்டு பெரியவர்கள் முன்பக்கம் தள்ளி நின்று இழுத்துப் பார்க்கட்டும். பின் சட்டம் அசைந்தால் மூட்டையைக் கூட்டுங்கள். யாரையும் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டாம். போட்டி முடிந்த அன்று மாலையே கோல்களை முகம் கீழாகப் படுக்க வைத்துச் சங்கிலி போடுங்கள், அது பள்ளிக்கூடம். போஸ்ட்டும் பாரும் சேரும் மூலையையும் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. வெல்டரைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் கூப்பிடுங்கள்.

பாரின் உயரத்தை இரு போஸ்ட் ஓரத்திலும் நடுவிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பழைய பைப் நடுவில் தொய்யும். அதைவிடச் சாதாரணமாக நடப்பது, கீப்பர் நிற்கும் இடம் தேய்ந்து குழியாகி, 2.44 இருக்க வேண்டிய இடத்தில் 2.55 இருப்பது. பாரை இறக்க வேண்டாம். செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு, முந்தின நாளே திமிசு போட்டுவிடுங்கள்.

கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு வாங்கிவராதீர்கள். சுட்ட சுண்ணாம்பும் சரி, நீற்றிய சுண்ணாம்பும் சரி, வியர்த்த தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கோடு ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். கல்மாவுக் கோலப்பொடி போதும். 100-க்கு 64 மீட்டர் மைதானத்தில் எல்லாக் கோடும் வளைவும் சேர்த்துக் கிட்டத்தட்ட 700 மீட்டர் வரும். மீட்டருக்கு 70 கிராம் தூவினால் ஒரு 50 கிலோ மூட்டை. மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் 118.7 மீட்டர் என்று ஒன்றுபோல வர வேண்டும். கோடுகளில் எதையாவது குறைக்க வேண்டிய நெருக்கடி என்றால் நடுவட்டத்தைக்கூட விடுங்கள், பெனால்டி ஏரியாவை விடாதீர்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் பெனால்டி நிற்கிறது, கீப்பர் கையால் தொடும் உரிமை நிற்கிறது. பெனால்டி ஏரியா இல்லாத மைதானத்தில் நான் ஆட்டம் தொடங்கச் சொல்ல மாட்டேன்.

பந்து மூன்று வையுங்கள். காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ.க்குள், சைக்கிள் கடை மீட்டரே போதும். உதவி நடுவர் கொடி இல்லாவிட்டால் பளிச்சென்ற துணியைக் குச்சியில் கட்டலாம், அதற்காக யாரும் ஆட்டத்தை நிறுத்தப்போவதில்லை. ஷின் கார்டு இல்லாத பையனை மட்டும் களத்துக்குள் விடாதீர்கள்.

போட்டி விதிமுறையில் இதை இப்போதே அச்சடித்துக்கொடுங்கள்: ஆட்டத்துக்கு 45 நிமிடம் முன் களம் தயாராக இருக்கும், ரெஃப்ரி அப்போது சுற்றிப் பார்ப்பார், குறை இருந்தால் சரிசெய்ய 20 நிமிடம், களம் பற்றிய ஆட்சேபம் ஆட்டம் தொடங்கும் முன் எழுத்தில் மட்டும், பார், போஸ்ட், பிணைப்பு சரியில்லை என்றால் ஆட்டம் இல்லை, கைவிடப்பட்ட ஆட்டத்தைப் பற்றி முடிவு செய்வது அமைப்புக் குழு. கடைசி வாசகத்தைச் சேர்க்காவிட்டால், கைவிட்ட ஆட்டம் முழுதாக மறுபடி ஆடப்பட வேண்டும் என்பதுதான் விதி. 4 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இடைவேளையோடு 5.45-ஐத் தாண்டும், மார்கழியில் ஆறேகாலுக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிடும். ஆகவே 20 நிமிடத்துக்கு மேல் சலுகை தர உங்களால் முடியாது. டைபிரேக்கர் (பெனால்டி ஷூட்-அவுட்) இருந்தால் அதுவும் இல்லை. டைபிரேக்கருக்கு எந்தக் கோல் என்பதை டாஸ் போட்டு முடிவு செய்வார்கள். அதன் பிறகு கோலோ தரையோ பயன்படாமல் போனால், அல்லது பாதுகாப்புக் காரணத்துக்காக, மட்டுமே மாற்றலாம். ஆகவே ஒரு பக்கம் மட்டும் நல்ல நெட் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

போன ஞாயிறு ஆட்டத்துக்கு லீக்குக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோலைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அந்தக் கிராஸ்பாரின் படம் யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள். அதை இணைத்து, சரிசெய்து ரெஃப்ரி பார்த்துச் சான்று தரும்வரை அந்த மைதானத்தில் அடுத்த ஆட்டம் வைக்க வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அங்கே வேறு இரண்டு அணிகள் ஆட வேண்டியிருக்கும். கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரட்டும்.